தேதி அச்சில் ஒரு குழந்தை

என் மகனை லாபிஸில் வளர்க்கலாம் என்ற பேச்சை என் மாமியார் முதலில் எடுத்தது அவன் பிறந்த மருத்துவமனையில், கட்டிலருகே நின்றபடி. "ஒல்லியா இருக்கான். நம்ம வீட்டுக்கு வந்தா தேத்திடலாம்," என்றார். என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற தன் மகளிடம் சொன்னார். அந்த மகள் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் அவருக்குக் குழந்தை இல்லை. மாமியார் அவரோடுதான் ஜொகூரின் வடக்கே லாபிஸில் இருக்கிறார். அண்ணி என் மகனின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நான் சிரித்தேன். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தேனா, விளையாட்டாக எடுத்துக்கொள்வதுதான் மருமகளுக்கு நல்லது என்று சிரித்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் தெற்கே, சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில், மாசாயில் ஒன்றோடொன்று ஒட்டிய தெரஸ் வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். என் கணவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இருட்டிலேயே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். நான் பாசிர் கூடாங் பக்கம், தொழிற்சாலைகள் வெளியேற்றும் தண்ணீரைச் சோதிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். ஆற்றோரத்தில் வைத்திருக்கும் கருவிகள் எண்களை அனுப்பும். அவற்றைக் கணினி நிரலில் போட்டு, கோட்டுப்படமாக வரைந்து, அறிக்கையில் ஒட்டித் தருவது என் வேலை. கீழே படுத்திருக்கும் அச்சில் தேதி, மேலே போகும் அச்சில் அளவு. நான் பயப்படாமல் செய்யும் வேலை உலகத்தில் அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

குழந்தை விஷயத்தில் எல்லாவற்றுக்கும் பயம். பால் போதுமா, தூங்குவது அதிகமா, மூச்சு ஏன் இப்படிச் சத்தமாக வருகிறது. கிளினிக் தாதி அவன் எடையைப் பார்த்து, "இருக்க வேண்டிய அளவுக்குத்தான் இருக்கான், போங்க," என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் சாயங்காலமானதும் லாபிஸிலிருந்து போன் வரும். "இன்னிக்கு எவ்ளோ?" என்பார் மாமியார். வேறு எதுவும் கேட்கமாட்டார். தெரியவில்லை என்று சொன்னால், "பெத்தவளுக்கே தெரியலையா?" என்பார். அதனால் குழந்தைகளை நிறுக்கும் தட்டுத் தராசு ஒன்று வாங்கினேன். தினமும் நிறுத்தேன். பால் குடிக்கும் முன்பா பின்பா என்று குழம்பி, இரண்டு முறையும் நிறுத்தேன். பேம்பர்ஸ் எடையைக் கழிக்க வேண்டுமே என்று அதைத் தனியாக நிறுத்துப் பார்த்த நாளும் உண்டு. எல்லாவற்றையும் கைப்பேசியில் தேதியோடு தட்டி வைத்தேன்.

அண்ணி ஒருமுறை மாமியாரோடு வீட்டுக்கு வந்தபோது இதைப் பார்த்தார். தராசில் கிடந்த என் மகனிடம் குனிந்து, "ஏன்டா தம்பி, ஒங்கம்மா ஒன்னத் தெனம் தூக்கித் தராசுல வைக்கிறாளே, நீ என்ன சந்தையில விக்கிற கெம்போங் மீனா?" என்றார். மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவரும் சிரித்தார். என் மகன்கூட, யார் சிரித்தாலும் சிரிக்கும் வயது, சிரித்தான்.

பிரசவ லீவு முடிந்து நான் வேலைக்குப் போனதும், அடுத்த வரிசையில் இருந்த ஓர் ஆன்டி அவனைப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அந்த ஆன்டி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. என் மகன் சில வாரம் லாபிஸில் இருந்துவிட்டு வரட்டும் என்று முடிவானது. கூடவே தராசையும் கட்டிக் கொடுத்தேன். அண்ணி தினமும் நிறுக்கவில்லை. போன அன்று ஒரு முறை, பிறகு வாரத்துக்கு ஒரு முறை, அவருக்கு நினைவு வந்தபோது நிறுத்து எனக்கு அனுப்பினார். ஆன்டியின் கட்டுப் பிரித்ததும் அவன் மாசாய்க்குத் திரும்பினான். நான் மறுபடியும் தினமும் நிறுக்க ஆரம்பித்தேன்.

அதற்குள் என் பால் குறைந்துவிட்டிருந்தது. அலுவலகத்தில் பால் எடுக்கத் தனி அறை கிடையாது. பழைய கோப்புகள் அடுக்கிய ஸ்டோரில், கதவின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பம்ப் பண்ணுவேன். என் மேலதிகாரி, சீனப் பெண்மணி, இரண்டு பிள்ளை பெற்றவர், ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் முடியலையா? பசு மாடே இவ்வளவு நேரம் எடுக்காது லா," என்றார். அன்றைக்கு பாட்டிலின் அடிதான் நனைந்தது.

மாமியார் தினமும் எடை கேட்பது நிற்கவில்லை. ஒரு நாளைக்குச் சொல்லும் எண்ணை அடுத்த நாள் மறந்துவிடுவார். ஏறியதா இறங்கியதா என்று என்னையே திருப்பிக் கேட்பார். எல்லா எடையையும் ஒரு படமாகக் காட்டிவிட்டால் இந்தக் கேள்வி ஓயும் என்று எனக்குத் தோன்றியது. கடமை தவறாத மருமகள். கைப்பேசியில் தட்டி வைத்ததை அப்படியே மடிக்கணினிக்கு மாற்றி, அலுவலகத்தில் எழுதுவது போலவே ஒரு சின்ன நிரல் எழுதி, ஓடவிட்டேன்.

முதலில் வந்த படத்தில் கோடே கண்ணுக்குப் படவில்லை. கீழே தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறுப்புப் பட்டையாகக் கிடந்தன. நான் அதைச் சரிசெய்வதிலேயே மூழ்கிப்போனேன். தேதிகளைச் சாய்த்து எழுதச் சொன்னேன். அப்போதும் நெரிசல். ஐந்துக்கு ஒரு தேதியை மட்டும் காட்டச் சொன்னேன். எழுத்தைச் சின்னதாக்கினேன். தேதிகள் அழகாக, சாய்வாக, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. மாசாய்க்கு ஒரு நிறம், லாபிஸுக்கு ஒரு நிறம் கொடுத்தேன். அதைக் கைப்பேசியில் எங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது மாமியாரின் குரல் பதிவு காத்திருந்தது.

"பாத்தியா? நான் சொன்னா நம்பமாட்டீங்க. ஓன் வீட்டுல இருந்தப்ப பாய விரிச்ச மாதிரி படுத்துக் கெடக்கு. என் பொண்ணு கைக்கு வந்ததும் ஏணி வச்ச மாதிரி ஏறியிருக்கு. மறுபடி ஒங்கிட்ட வந்ததும் படுத்துக்கிச்சு. படிச்ச பொண்ணு, நீயே வரைஞ்சது. நான் ஒண்ணும் சொல்லல லா."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. மாசாய் நிறம் நீளமாக, ஏறுவதே தெரியாமல் போனது. லாபிஸ் நிறம் வந்த இடத்தில் கோடு செங்குத்தாக எழுந்தது. பிறகு மாசாய், மறுபடியும் சமதளம். தேதிகள் முட்டிக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தவள், கோட்டைப் பார்க்கவே இல்லை.

அந்த வாரம் முழுவதும் குழுவில் அதே பேச்சு. அண்ணி கை கூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார். பெக்கோக்கிலிருந்து ஒரு பெரியம்மா, "தாய்ப்பால் எல்லாருக்கும் அமையாது, அதுக்கும் குடுத்து வச்சிருக்கணும்," என்று எழுதினார். மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவோம், பேசி முடித்துத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போவோம், பள்ளிக்கூடம் போகும் வயது வரை அவன் லாபிஸில் வளரட்டும். ஜொகூரில் லீவு வெள்ளி சனியாக இருந்த காலத்தில் ஞாயிறு எனக்கு வேலை நாள்; என்னை உட்காரவைத்துப் பேச யாருக்கும் முடியாது. இப்போது எல்லோருக்கும் ஞாயிறு லீவு.

என் கணவரிடம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "படம் அப்படித்தானமா இருக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில், ஓர் ஆற்றுக் கருவியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கருவி பழுதாகிப் பல நாள் எதுவும் அனுப்பவில்லை. படத்தில் அந்த நாட்கள் வெற்றிடமாக, அவ்வளவு அகலமாக, அப்படியே இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். கருவி பேசாத நாளுக்கும் இங்கே இடம் இருக்கிறது. என் மகன் நிறுக்கப்படாத நாளுக்கு என் படத்தில் இடம் எங்கே?

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். பிழை அற்பமானது. அலுவலகத்தில் கருவிகள் அனுப்பும் தேதிகள் தேதிகளாகவே வருகின்றன. வீட்டில் நான் கைப்பேசியில் தட்டியவை வெறும் எழுத்துகள். நிரலுக்கு அவை நாட்கள் அல்ல, பெயர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்துவது போல வந்த வரிசையில், ஒரே இடைவெளியில் நிறுத்திவிட்டது. மாசாயில் நான் பயந்து பயந்து தினமும் நிறுத்தேன். ஒரு நாளில் ஏறும் எடைக்கு ஒரு கட்டம். லாபிஸில் வாரத்துக்கு ஒரு முறை. ஒரு வாரத்தில் ஏறிய எடைக்கும் அதே ஒரு கட்டம். என் பயம்தான் என் கோட்டைத் தரையோடு அழுத்தியிருந்தது. அண்ணியின் அலட்சியம் அவர் கோட்டை ஏணியாக நிமிர்த்தியிருந்தது.

எழுத்தைத் தேதியாக மாற்றும் வரியைச் சேர்த்தேன். நிரல் பாதியில் நின்று, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாது என்ற பொருளில் முறையிட்டது. நாம் நாளை முன்னால் எழுதுகிறோம், அது மாதத்தை முன்னால் எதிர்பார்க்கிறது. நாள்தான் முதலில் என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஐந்துக்கு ஒரு தேதி என்ற பழைய வித்தையை எடுத்துப் போட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரு குறி, வாரத்துக்கு ஒரு சின்னக் கோடு என்று அச்சை அமைத்தேன். ஓடவிட்டேன்.

ஒரே சாய்வாக ஒரு கோடு இடமிருந்து வலம் ஏறியது. மாசாய், லாபிஸ், மாசாய். நிறம் மாறும் இடங்களில்கூட அது வளையவில்லை. அலுவலகப் பான்ட்ரியில், சாப்பிடும் மேசையில் உட்கார்ந்து அழுதேன். சுத்தம் செய்யும் அக்கா வந்து, "அலமாக், சோறு கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

ஞாயிறு காலை அவர்கள் வந்தபோது காடியின் பின்சீட்டில் குழந்தைகளுக்கான இருக்கை பொருத்தியிருந்தது. புதிது; பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. பேசி முடிவு செய்ய வருகிறோம் என்றவர்கள் முடிவையும் வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்திருந்தார்கள். அண்ணியின் கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை என்று வரவில்லை. அண்ணியே ஓட்டி வந்திருந்தார்.

தேநீர் கொடுத்துவிட்டு, மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். "அத்தை, மொத அனுப்புன படத்துல ஒரு தப்பு இருந்துச்சு," என்று ஆரம்பித்தேன். பரீட்சை எழுதும் பெண் போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். தேதிகள் எழுத்தாக இருந்தது, இடைவெளி சமமாகப் போனது, இப்போது திருத்தியது.

மாமியார் படத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "ஓஹோ. போன வாரம் ஒரு படம், இந்த வாரம் ஒரு படம். அடுத்த வாரம் எங்க வீட்டுல இருந்தப்ப புள்ள எளைச்சிட்டான்னு ஒரு படம் வருமா?"

"இல்ல அத்தை, இதுதான் சரி."

"சரிங்கறத ஆர் சொல்றது? தப்பாப் போட்டதும் நீதான, சரியாப் போட்டதும் நீதான?"

அண்ணி என் மகனை மடியில் வைத்துக்கொண்டு அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தபடி, "பரவால்லமா, விடு. எந்தத் தாய்க்குத்தான் தோத்துப்போவப் பிடிக்கும்," என்றார். அவர் குரல் இதமாகவே இருந்தது. எனக்கு அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. தட்டில் இருந்த முறுக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அப்போதுதான் என் கணவர் எழுந்து வந்தார். தொழிற்சாலையில் தினமும் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து இயந்திரங்களைச் சரிசெய்பவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எதையும் அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. கீழே இருந்த மாதங்களைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து தொழிற்சாலை அட்டையை எடுத்து, அதன் விளிம்பை மாசாய் கோட்டின்மேல் வைத்தார். சாய்வு மாறாமல் அதை அப்படியே லாபிஸ் கோட்டுக்கு நகர்த்தினார். பொருந்தியது.

"அம்மா, இது சரி," என்றார். "மொதப் படம்தான் தப்பு. தெனம் நிறுத்ததையும் வாரத்துக்கு ஒருக்கா நிறுத்ததையும் ஒண்ணாப் போட்டுட்டா. இதுல ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரிதான் ஏறுது."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அண்ணி குழந்தையின் விரலை விட்டுவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் கணவர் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு எடமும் ஒண்ணுதான்னு நீயே காட்டிட்ட. அப்ப அவன் அங்க இருந்தாலும் ஒண்ணும் கொறையாது, இல்ல?"

கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு டெக்னீஷியன் படத்தைப் படித்து அடுத்த படிக்குப் போகிறார். நான் வாய் திறந்தேன். அவன் என் பிள்ளை, அவன் என்னோடு இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் எண் இல்லை. கேட்டதற்குச் சரியான பதில் சொல்லியே வளர்ந்தவள் நான்.

"கொறையாது," என்றேன்.

"அப்பறம் என்ன," என்றார் மாமியார், எழுந்து சேலையை உதறியபடி. "ஓம் பாலும்தான் நின்னு போச்சு. பவுடரு லாபிஸ்லயும் விக்கிது. அடிக்கடி வந்து நிக்காத. வந்து வந்து போனாப் புள்ள ஏங்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

தராசை நான்தான் தூக்கிக்கொண்டுபோய்க் காடியில் வைத்தேன். அண்ணி, "இது எதுக்குமா," என்று சிரித்தார். என் கணவர், "அனுப்பு அக்கா, அவளுக்கு நம்பர் வேணும்," என்றார்.

வாரத்துக்கு ஒரு எண் வந்தது. அண்ணி தவறவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான் அதைச் சேர்த்து நிரலை ஓடவிடுவேன். தேதி அச்சு தானாகவே ஒரு வாரம் நீளும். கோடு ஏறும். போன வாரத்தைப் போலவே, ஒழுங்காக, குறை சொல்ல இடமில்லாமல். மற்ற அம்மாக்கள் எதைப் பார்த்து நிம்மதி அடைவார்களோ அதைப் பார்த்து என் வயிறு எரிந்தது. ஒரு சரிவுக்காகக் காத்திருந்தேன். என் மகனின் எடை ஒரு வாரமாவது இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் வேண்டினேன். கோயிலில் நின்று அல்ல, திரைக்கு முன்னால் உட்கார்ந்து.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தோம். முதல் இரண்டு தடவை என்னைப் பார்த்ததும் தாவினான். மூன்றாம் தடவை அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "புதுசா ஆரோ வந்துட்டாங்கன்னு பாக்கறான்," என்றார் மாமியார் சந்தோஷமாக. "என்னடா, ஆன்டிக்கு பாய் சொல்லு."

அதற்கடுத்த வாரம் அண்ணியின் எண் குழுவில் வரவில்லை. எனக்கு மட்டும் தனியாக வந்தது. கூடவே ஒரு குரல் பதிவு, மெதுவாக, எங்கோ வீட்டுக்குப் பின்பக்கம் நின்று பேசியது போல.

"தம்பிக்குச் சளி மா. பால் சரியாக் குடிக்கல. கொஞ்சம் கொறஞ்சிருக்கு. கிளினிக்குக் காட்டிட்டேன், பயப்பட ஒண்ணுமில்லைன்னாங்க. அம்மாகிட்ட மட்டும் எடையச் சொல்லிடாத மா. ஒனக்குத் தெரியும்ல, அது எப்படிப் பேசும்னு. என்ன வாழவிடாது."

எனக்குத் தெரியும். அந்த வீட்டில் மாமியார் அண்ணியிடம் எப்படிப் பேசுவார் என்பதைக் கேட்டிருக்கிறேன். என்னிடம் பேசுவது அதற்கு முன்னால் கொஞ்சல்.

நான் எண்ணைச் சேர்த்தேன். முழுப் படத்தில் அந்த இறக்கம் ஒன்றுமே இல்லை. ஏறிக்கொண்டே போகும் கோட்டின் நுனியில் ஒரு சின்ன வளைவு, நகம் பட்டது போல. எந்தக் குழந்தையின் படத்திலும் இருக்கக்கூடியது. என் கணவர் பார்த்தால் அட்டையைக்கூட வெளியே எடுக்கமாட்டார்.

தேதி அச்சு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று நாமே சொல்வதற்கு ஒரே ஒரு வரி போதும். அலுவலகத்தில் ஓர் ஆறு எப்போது கறுத்தது என்று கிட்டே போய்ப் பார்க்க அதைத் தினமும் எழுதுகிறேன். தொடக்கம், போன வாரம். முடிவு, இந்த வாரம். ஓடவிட்டேன். எடை காட்டும் நின்ற அச்சும் தானே அந்த இரண்டு எண்களுக்கு ஏற்றாற்போல இறுகிக்கொண்டது. திரையின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் கோடு விழுந்தது. பாறையிலிருந்து தள்ளிவிட்டது போல. உண்மையில் இறங்கியது ஒரு கோழி முட்டையின் எடை.

எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் அனுப்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. சரிபார்த்தேன். இரண்டு தேதியும் உண்மை. இரண்டு எடையும் உண்மை. நாள் முதலில், மாதம் அடுத்து. எழுத்துகள் ஒன்றையொன்று தொடவில்லை. மேலே "தம்பியின் எடை, லாபிஸ்" என்று தலைப்பு வைத்தேன். குடும்பக் குழுவில் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன்: "அண்ணி, தம்பிக்கு என்ன ஆச்சு? பயமா இருக்கு."

மாமியாரின் குரல் பதிவு வர அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் பக்கம் என் மகன் இருமும் சத்தமும் கேட்டது.

"ஏன்டி, புள்ளையப் பட்டினியாடி போட்ட? வீட்டுலயே இருந்துக்கிட்டு ஒரு புள்ளையப் பாக்கத் துப்பில்ல. வவுத்துல சொமந்திருந்தாத் தெரியும். ஒனக்கு எங்க தெரியப்போவுது? இங்க பாருங்க எல்லாரும், படத்தப் பாருங்க. இவள நம்பித்தான் நான் புள்ளைய வாங்கிட்டு வந்தேன்."

குழுவில் எல்லோரும் கேட்கும்படி. பெக்கோக் பெரியம்மா அழும் முகம் ஒன்றைப் போட்டார். அண்ணி எதுவும் எழுதவில்லை. அவர் படித்துவிட்டார் என்று காட்டும் நீலக் குறி மட்டும் விழுந்தது. எனக்கும் தனியாக எதுவும் அனுப்பவில்லை.

மதியம் என் கணவர் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார். பின்னால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"தேதிய வெட்டியிருக்க," என்றார்.

"ஆமாங்க."

"முழுசாப் போட்டா இது ஒண்ணுமே இல்ல."

"தெரியும்."

அவர் குழுவில் ஒரு வார்த்தை எழுதினால் போதும். அவர் சொன்னால் அம்மா கேட்பார். "அக்கா பாவம்," என்றார். கடைசியில், "சனிக்கிழம போய்க் கூட்டிட்டு வந்துருவோம்," என்று சொல்லி வைத்துவிட்டார். குழுவில் அவரும் எதுவும் எழுதவில்லை.

பால் பவுடரை எத்தனை கரண்டி போட்டேன் என்று பாதியில் மறந்து கொட்டிவிட்டு மறுபடி கலப்பவள் நான். கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவள். அந்தப் படத்தை அனுப்பியது சரியா என்று மட்டும் இதுவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நாளைக்கு மறுபடியும் அனுப்ப வேண்டி வந்தாலும் அனுப்புவேன்.

சனிக்கிழமை லாபிஸில் அவன் துணிகள் எல்லாம் துவைத்து, மடித்து, பையில் அடுக்கித் தயாராக இருந்தன. மேலே சளி மருந்து. எத்தனை மணிக்கு எவ்வளவு என்று அண்ணி புட்டியில் ஒட்டி எழுதியிருந்தார். மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "நீயே வச்சிக்கமா. பெத்தவகிட்டதான் ஒட்டும். பெறாத கைல எது நெலைக்கும்?" என்றார். அண்ணி தலையைக் குனிந்தபடி தராசைக் கொண்டுவந்து எங்கள் காடியில் வைத்தார். சளியில் எந்தக் குழந்தைக்கும் இப்படித்தான் அத்தை, இதில் அண்ணி மேல் தப்பு இல்லை என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எனக்கு வாக்கியம் தெரியும். சொல்லவில்லை.

அவனை வாங்கக் கை நீட்டினேன். அண்ணியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினான். அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, என்னிடம் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பால் குடிக்கறப்ப நெஞ்ச லேசாத் தட்டிக் குடு, இல்லாட்டிக் குடிக்கமாட்டான்," என்றார் அவன் தலையைப் பார்த்து.

வழியில் யோங் பெங் ஊர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். பிறகு களைத்துப்போய்த் தூங்கினான். என் கணவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தராசை எடுத்துவைத்து அவனைப் படுக்கவைத்தேன். அந்த வாரம் இறங்கிய எடை முழுவதும் திரும்ப ஏறி, அதற்கு மேலும் கூடியிருந்தது. குழுவில் அவரை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே அண்ணி அவனைத் தேற்றிவிட்டிருந்தார். எண் திரையில் நின்றது. அவனைத் தூக்கிக்கொண்டேன்; தராசு பூஜ்யத்துக்குத் திரும்பியது.

ஞாயிறு சாயங்காலம் அண்ணியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "தம்பி எடை எவ்ளோமா இருக்கு?"

"இன்னும் பாக்கல அண்ணி," என்று எழுதி அனுப்பினேன்.